நாச்சம்மாவை இரவல் எடுத்தவர்கள்

இங்க ஆராச்சும் உக்காந்திருக்காங்களா அம்மிணி? இல்லீங்களா? அப்ப அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்குங்க, நான் இப்பிடி உக்காந்துக்கறேன். பின்னாடி சீட்டெல்லாம் காலியாத்தான் கெடக்குது. ஆனா பின்னாடி உக்காந்தா டிரைவர் என்ன பண்றான்னு தெரியாதுங்க. பாருங்க, இன்னும் டீ கிளாஸைக் கையில வெச்சுட்டு நிக்கறான். எடுக்க வேண்டிய நேரம் தாண்டியாச்சு. நான் இதே கோபி பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவன். மைக்குல ஒரு சத்தம் குடுத்தா பாதி டீயைக் கீழ ஊத்திட்டு ஓடியாருவானுக. "சத்தி, சத்தி, சத்தி வண்டி பொறப்படுது." இந்தக் குரலைக் கேட்டிருப்பீங்களே. கேட்டதில்லையா? எந்த ஊருங்க? கவுந்தப்பாடியா. செரி செரி.

அது என்ன பையில மஞ்சள் நோட்டீஸு? நூலக விழாவா? அட, சத்தி நூலகத்துக்கா போறீங்க? நானும் அங்கதானுங்க. ஆள் புத்தகம் படிக்கத்தானே? எந்தப் புத்தகத்தை... இருங்க இருங்க, நான் மொதல்ல சொல்லி முடிச்சர்றேன், பொறவு நீங்க சொல்லுங்க. எனக்கு இப்ப டோக்கன்தான் கவலை. பத்து மணிக்கு டோக்கன் குடுப்பாங்க. போன தடவை எங்க ஊர்ல கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள தீந்து போச்சு. இவன் டீயைக் குடிச்சு முடிச்சு, வெத்தலை போட்டு, வண்டியை எடுத்து, காசிபாளையத்துல ஒருக்கா நின்னு... போச்சு போங்க.

ஆள் புத்தகம்னா என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சாலும் பரவால்ல, நான் சொல்றேன். எங்க ஊர் நூலகத்துக்குப் போன வருசம் ரெஜினான்னு ஒரு மேடம் மாத்தலாகி வந்தாங்க. அதுவரைக்கும் நூலகம்னா என்னங்க? கதவைத் தொறப்பாங்க, நாங்க நாலஞ்சு பெருசுக போயி பேப்பர் படிப்போம். ஒரு பேப்பரைத் தாள் தாளாப் பிரிச்சு ஆளுக்கொண்ணா எடுத்துக்குவோம். விளையாட்டுப் பக்கம் ஒருத்தன், ஊர்ச் செய்தி ஒருத்தன். முன்பக்கம் எப்பவும் எனக்கு. எடுத்துட்டு சத்தமாப் படிப்பேன். மத்தவங்களுக்குக் கண்ணு தெரியறதில்ல பாருங்க, ஒரு உபகாரம். "அண்ணா, நாங்களே படிச்சுக்கறோம்"னு சொல்லுவாங்க. எல்லாம் மருவாதிக்குச் சொல்றதுதான்.

இந்த மேடம் வந்த பொறவு ஒரு நாள் சும்மா இருக்க விடலீங்க. ஞாயித்துக்கெழமையானா கொழந்தைகளுக்குக் கதை நேரம். மாடியில போட்டித் தேர்வு எழுதற பசங்களுக்கு வகுப்பு. நடக்க முடியாதவங்களுக்கு வீட்டுக்கே புத்தகம் கொண்டு போயிக் குடுக்கறாங்க. வாசகர் வட்டம்னு மாசாமாசம் கூட்டம், அதுக்கு என்னைத் தலைவராப் போட்டாங்க. போட்டாங்கன்னா, நானே சொல்லித்தான் போட்டாங்க. வேற எவன் இருக்கான் மைக்குல பேச?

அப்பத்தான் மேடம் சொன்னாங்க, "இந்தத் தடவை நூலக வாரத்துல மனிதப் புத்தகம்னு ஒண்ணு பண்ணலாம்"னு. எங்க ஊர்ச் சனம் அதை ஆள் புத்தகம்னு ஆக்கிருச்சு. அலமாரியில புத்தகம் இருக்கறதுக்குப் பதிலா, வேப்ப மரத்தடியில மேசை போட்டு ஆளுக உக்காருவாங்க. ஒவ்வொருத்தருக்கும் முன்னால ஒரு அட்டை, அதுல ஒரு தலைப்பு. வர்றவங்க டோக்கன் போட்டு அந்த ஆளை இரவல் எடுக்கணும். பதினஞ்சு நிமிசம். ஆள் தன்ர கதையைச் சொல்லுவாரு. படிக்க வந்தவங்க நடுவுல பேசக் கூடாது, எதுத்துச் சொல்லக் கூடாது. மணியடிக்கறப்ப வேணா ஒரு கேள்வி கேக்கலாம். நடுவுல பேசினா டோக்கன் செல்லாது, எந்திரிச்சுப் போயிரணும். அந்த விதிதான் எனக்குப் புடிக்கலீங்க. பேசாம கேட்டுட்டு இருக்கறதுக்குக் கல்லா என்ன மனுசன்?

அப்பாடா, ஏறிட்டான். போலாம் ரைட்.

எங்க விட்டேன்? ஆங். மேடம் ஆள் தேடறப்பவே நான் என்ர பேரைக் குடுத்துட்டேன். தலைப்பும் நானே எழுதிக் குடுத்தேன். "மகனை மீட்ட தந்தை." நல்லா இருக்குதுங்களா? எங்க ஊர்ல அந்தக் கதை தெரியாதவங்க இல்ல. நீங்க வெளியூரு, உங்களுக்குச் சொல்லணும்.

என்ர பையன் பூபதிக்கு அப்ப மூணு வயசு. இப்பத் திருப்பூர்ல பனியன் கம்பெனியில மேனேஜரு. அன்னிக்கு மாமன் வீட்டுக்கு வாய்க்கால் கரையோரமா நடந்து போயிட்டிருக்கறோம். நானு, என்ர வீட்டுக்காரி நாச்சம்மா, பையன். வேற ஈ காக்கா இல்ல. தண்ணி விட்ட சமயம், கரை முட்ட ஓடுது. பையன் கையை உதறிட்டு ஓடினான், படியில வழுக்கிட்டான். எனக்கு நீச்சல் தெரியாதுங்க. இதை நல்லாக் கேட்டுக்குங்க. நீச்சல் தெரியாது, ஆனா குதிச்சுட்டேன். செருப்பைக் கூடக் கழட்டல. பையன் சட்டை என்ர கையில மாட்டுச்சு. பொறவு தண்ணி என்னை உள்ள இழுக்குது. மூக்கு வாயெல்லாம் தண்ணி. முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

அப்ப ஒரு கைங்க.

மேல இருந்து ஒரு கை வந்து என்ர தலைமுடியைக் கொத்தாப் புடிச்சுது. இங்க பாருங்க, இந்தக் காதுக்குப் பின்னாடி. தொட்டுப் பாருங்க, கூச்சப்படாதீங்க. மேடு தெரியுதுங்களா? வளையல் கிழிச்ச தழும்பு. கண்ணாடி வளையல் போட்ட கைங்க அது. கண்ணு முழிச்சா நான் கரையில குப்புறக் கெடக்கறேன். பையன் இவ மடியில இருமிட்டு அழறான். இவ சேலை, தலை எல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்குது, பையனைத் தூக்கி மடியில போட்டாளில்ல. ஆடு மேய்க்கறவங்க அப்பத்தான் தூரத்துல இருந்து ஓடியாறாங்க. நான் எந்திரிச்சு உக்காந்து சொன்ன மொத வார்த்தை, "ஆத்தா வந்து தூக்கிட்டாப்பா". எங்க கொலதெய்வம் அங்காளம்மனுங்க. அந்த ஆடு மேய்க்கறவங்களே காயத்தைப் பாத்துட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. இவ ஒரு வார்த்தை பேசலை. பயந்து போயிட்டா பாவம்.

அன்னியிலிருந்து வருசா வருசம் ஆடி மாசம் அம்மனுக்குக் கண்ணாடி வளையல் சாத்தறேன். பச்சையும் செகப்பும். கோபியில ஒரே கடையில வாங்கறது. போனாப் போதும், "அம்மனுக்குங்களாண்ணா, ரெண்டு நாலு அளவுதானே"ன்னு கடைக்காரரே எடுத்து வெச்சுருவாரு. ஒரு வருசம் கூட விட்டதில்ல.

என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, முடிச்சர்றேன். டிரைவரண்ணா, அந்த லாரியை ஒதுங்கிப் போங்க, அவன் ஊர்வலம் போறான்.

விழாவன்னிக்கு வெள்ளை வேட்டி, புது சட்டை, வெரசாவே போயி என்ர மேசையில உக்காந்துட்டேன். நாச்சம்மாளையும் கூட்டிட்டுப் போனேன். எதுக்கு? பேசிப் பேசித் தொண்டை வறண்டு போகும், சுடுதண்ணி எடுத்துக் குடுக்க ஆள் வேணுமில்ல. பிளாஸ்க்கோட மரத்து வேர்ல உக்காரச் சொன்னேன். எனக்கு இந்தப் பக்கம் பிரசவம் பாத்த நர்சம்மா ஒருத்தங்க. அந்தப் பக்கம் பாம்பு புடிக்கறவரு. பாம்பு புடிக்கறவருக்குத்தான் கூட்டம். ஆனா அவரு உக்காந்து செத்த நேரம் ஆகல, போன் வந்துருச்சு. ரைஸ் மில்லுக்குள்ள பாம்பு பூந்துருச்சுன்னு. மனுசன் போட்டது போட்டபடி கெளம்பிட்டாரு. சேர் காலி.

மேடம் கையைப் பெசைஞ்சுட்டு அங்கயும் இங்கயும் பாத்தாங்க. நேரா நாச்சம்மாகிட்டப் போயி குனிஞ்சு என்னமோ கேட்டாங்க. இவ மொதல்ல தலையை ஆட்டினா. பொறவு என்னமோ சொன்னா. மேடம் சிரிச்சுட்டு ஒரு அட்டையை எடுத்து மார்க்கர்ல எழுதி, இவளைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி அந்தச் சேர்ல உக்கார வெச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு. இவ என்னத்தப் பேசுவா? கல்யாணமாகி இத்தன வருசத்துல இவ சேந்தாப்புல நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. அட்டையில என்னன்னு எட்டிப் பாத்தேன். "கிணற்றில் நீந்தியவர்."

அம்மிணி, என்ர பொண்டாட்டிக்கு நீச்சல் தெரியாதுங்க. இவ காங்கேயம் பக்கம் மேட்டாங்காட்டுக்காரி. அங்க குடிக்கவே தண்ணி இல்ல, எங்க போயி நீந்தறது? நான் எந்திரிச்சு மேடத்துகிட்டச் சொன்னேன், "தலைப்புத் தப்புங்க, மாத்துங்க. சமையல்னு எழுதுங்க, ஓரளவுக்குச் சமைப்பா"ன்னு. மேடம் கேக்கறாங்க, "உங்ககிட்ட யாராச்சும் டோக்கன் குடுத்தாங்களா சார்? குடுத்தாலும் குடுக்காட்டியும் புத்தகம் எடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது"ன்னு.

ஆரும் குடுக்கலீங்க. அதான் சொல்றேன், எங்க ஊர்ல என்ர கதை தெரியாதவன் இல்ல. டீக்கடைக்காரன் பையன் கூட வந்து நின்னு அட்டையைப் பாத்துட்டு, "அம்மன் தாத்தா கதையா, இது நாங்க மனப்பாடம்"னுட்டுப் போயிட்டான். அதுல தப்பில்ல. நல்ல புத்தகத்தை எல்லாரும் ஏற்கெனவே படிச்சிருப்பாங்க இல்லீங்களா?

இவளுக்கு மொதல்ல ஒரு காலேஜுப் புள்ளை வந்து உக்காந்துச்சு. பாம்பு புடிக்கறவருக்கு டோக்கன் வாங்கிட்டு வந்த புள்ளை, வேற வழியில்லாம உக்காந்துச்சு. மணியடிச்சுது, எந்திரிக்கல. மறுபடியும் அடிச்சாங்க. எந்திரிச்சுப் போயி வெளிய நின்ன, கூடப் படிக்கற சேத்தாளிப் புள்ளைகளை எல்லாம் கூட்டிட்டு வந்துருச்சு. அப்பறம் பாருங்க கூட்டத்தை. நர்சம்மாவே எந்திரிச்சுப் போயி டோக்கன் போட்டுட்டு உக்காந்தாங்க. என்ர கூடப் பேப்பர் படிக்கற வாத்தியாரு ஒருத்தரு, எதுக்கும் அசையாத மனுசன், கண்ணைத் தொடச்சுட்டே எந்திரிச்சு வர்றாரு. நான் என்ர சேர்ல உக்காந்துட்டு இருக்கறேன். காதை நீட்டி நீட்டிப் பாக்கறேன். ஒண்ணும் கேக்கல. இவ குரல் எப்பவுமே மெதுவு. கை மட்டும் தெரியுது. கையை இப்பிடி அகலமா விரிச்சு விரிச்சுப் பேசறா. இவ கையை விரிச்சுப் பேசி நான் பாத்ததே இல்லீங்க.

அன்னிக்கு எனக்குச் சுடுதண்ணி குடுக்கக் கூட ஆளில்ல. நானே பிளாஸ்க்கைத் தொறந்து ஊத்திக் குடிச்சேன்.

காசிபாளையம் வந்துருச்சு. இதோ, நிறுத்திட்டான். ஏறுங்க, வெரசா ஏறுங்க. கறிவேப்பிலைக் கட்டெல்லாம் மேல போடக் கூடாதுங்க, டிக்கியில போடுங்க. கண்டக்டரு எங்க? அவனும் எறங்கிட்டானா? அம்மிணி, மணி என்னாச்சு? என்ர கடியாரம் ஒரு நிமிசம் முன்னால ஓடும், வேணும்னேதான் வெச்சிருக்கேன்.

என்னங்க? ஆமாங்க, நாச்சம்மாதான். அந்த நாச்சம்மாதான் என்ர சம்சாரம். நீங்க எதுக்கு இப்பிடிப் பாக்கறீங்க? இருங்க, இன்னும் இருக்குது.

அதுக்குப் பொறவு ஊரே மாறிப் போச்சுங்க. முன்னெல்லாம் நாங்க ரெண்டு பேரும் கடைவீதியில போனா என்னைத்தான் நிறுத்திப் பேசுவாங்க. இப்ப இவளைத்தான். காலேஜுப் புள்ளைக, "அம்மா, நல்லா இருக்கீங்களா"ன்னு ஓடி வந்து கையைப் புடிச்சுக்குது. என்னைப் பாத்தா ஒரு மாதிரி சிரிப்பு. கெட்ட சிரிப்புன்னும் சொல்ல முடியல. டீக்கடைக்காரன் என்னைப் பாத்து, "ஏண்ணா, அம்மன் சௌக்கியமா"ங்கறான். போன வாரம்தான் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன், நல்லாத்தான் இருக்குது, கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிச்சிருக்காங்கன்னேன். கடையில இருந்த அத்தன பேரும் டீயை வெச்சுட்டுச் சிரிக்கறானுக. சாமியைப் பத்திச் சொன்னா இதுல சிரிக்க என்ன இருக்குது?

வாத்தியாரைப் புடிச்சு உலுக்கிக் கேட்டேன். "அவ என்னைப் பத்தி என்னய்யா சொன்னா?" அவரு, "சென்னியப்பா, நீயே ஒரு டோக்கன் போட்டுப் படிச்சுக்கோ"ன்னாரு. ஆரைக் கேட்டாலும் அதே பேச்சு. கட்டின பொண்டாட்டியை நான் டோக்கன் போட்டு இரவல் எடுக்கணுமாம்.

எனக்குத் தூக்கம் போச்சுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, பயம்தான். என்னத்தச் சொல்லியிருப்பா? நான் குடிச்சதில்ல, அடிச்சதில்ல. என்ன, கொஞ்சம் பேசுவேன். அதைச் சொல்லியிருப்பாளா? அதுக்கா வாத்தியாரு அழுவாரு? ஒரு வேளை என்ர கூட இருக்கப் புடிக்கலைன்னு சொல்லியிருப்பாளா? இந்த வயசுல அப்பிடியும் நடக்குதுங்களே, பேப்பர்ல படிக்கறோமே. நானே சத்தமாப் படிச்சிருக்கறேன்.

அவளையே கேக்கலையான்னு கேப்பீங்க. கேட்டேன். "ஏ புள்ளே, என்ன சொன்னே அங்க?" "நீச்சலடிச்சதைச் சொன்னனுங்க"ன்னா. "உனக்கெங்க நீச்சல் தெரியும்"னேன். "உக்காந்து கேட்டீங்கன்னா சொல்றேன்"னா. செரின்னு உக்காந்தேன். அவ ஆரம்பிச்சா, "எனக்கு அப்பப் பத்து வயசு, எங்க தோட்டத்துல ஒரு கெணறு..." நான் சொன்னேன், "உங்கப்பன் தோட்டத்துல கெணறு எங்க இருந்துச்சு, அது பங்காளி தோட்டத்துக் கெணறு, அதுக்குத்தானே கோர்ட்டு கேஸே நடந்துச்சு." உண்மையா இல்லையா? அந்தக் கேசுக்கு நான்தானே ஈரோட்டுக்கு அலைஞ்சேன். அந்த வக்கீல் இருக்கானே... அதை நான் சொல்லி முடிச்சுத் திரும்பிப் பாத்தா இவ எந்திரிச்சுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கறா.

மறுநாளும் கேட்டேன். "பதினஞ்சு நிமிசங்க. பதினஞ்சு நிமிசம் வாயைத் தொறக்காம உக்காருங்க, எல்லாத்தையும் சொல்றேன்"னா. உக்காந்தேன் அம்மிணி. சத்தியமா உக்காந்தேன். மறுபடியும் கெணத்துல இருந்து ஆரம்பிச்சா. கெணத்துல ஆட்டுக்குட்டி விழுந்துருச்சாம், இவ மேல இருந்து குதிச்சாளாம். பத்து வயசுப் புள்ளை, அந்த ஆழக் கெணத்துல. நான் ஒண்ணும் பேசலை, சிரிச்சேன், அவ்வளவுதான். சிரிக்கக் கூடாதுன்னு விதியில இருக்குதா? அவ நிறுத்திட்டா. கோவமெல்லாம் இல்ல. "பரவால்ல விடுங்க, இத்தன நாளு சொல்லாததுதானே"ன்னா.

அந்த "இத்தன நாளு" இருக்குது பாருங்க, அது வந்து எனக்கு இங்க உக்காந்துருச்சு. இத்தன நாளுன்னா எத்தன நாளு?

நடுவுல சத்தி நூலகத்துல இருந்து இவளைக் கூப்புட்டாங்க. என்னைக் கூப்புடல, இவளை. எங்க ஊர்ல நடந்தது அங்க வரைக்கும் பேச்சாயிருக்குது. ரெஜினா மேடம் இன்னிக்குக் காலையிலயே கார் எடுத்துட்டு வந்துட்டாங்க. இவ நல்ல சேலை ஒண்ணு கட்டிக்கிட்டு, "நீங்களும் வர்றீங்களா"ன்னு கேட்டா. "எனக்கு வாசகர் வட்ட வேலை இருக்குது"ன்னேன். ஒரு வேலையும் இல்ல. கார் தெரு முக்கு திரும்பினதும் சட்டையை மாட்டிட்டு ஓடி வந்து இந்த வண்டியைப் புடிச்சேன். நேராப் போறேன், வரிசையில நிக்கறேன், டோக்கன் வாங்கறேன், எதுத்தாப்புல போயி உக்கார்றேன். அங்க அவ எந்திரிச்சுப் போக முடியாது, புத்தகம் எடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது. நானும் வாயைத் தொறக்க முடியாது. வாயில கூழாங்கல்லைப் போட்டுக்கிட்டாவது உக்காந்துர்றேன். கடைசியில ஒரே கேள்வி. என்னைப் பத்தி என்ன சொன்னேன்னு. வண்டி நேரத்துக்குப் போகணும், அதான்.

இது அரியப்பம்பாளையங்களா? அப்ப வந்துட்டோம். இன்னும் கொஞ்ச தூரம்தான். கேட்டுட்டே வந்தீங்க பாவம், என்னமோ அப்பப்பச் சொல்ல வந்தீங்களே. சொல்லுங்க இப்ப. எந்தப் புத்தகத்துக்குப் போறீங்க?

நாச்சம்மாளுக்கா?

நேத்தே ஆள் விட்டு டோக்கன் வாங்கி வெச்சுட்டீங்களா? அட. அன்னிக்கு எங்க ஊருக்கும் வந்திருந்தீங்களா? அவளுக்கு எதுத்தாப்புல உக்காந்தீங்களா? ஏனுங்க அம்மிணி, இதை ஏறின உடனே சொல்றதுக்கென்ன?

செரி. நான் பேசலை. பேசவே இல்லை. சொல்லுங்க.

ஆட்டுக்குட்டி, ஆமா. அது தெரியும்.

ஓ. பக்கத்துத் தோட்டத்துப் புள்ளையைக் கூடத் தூக்கினாளா?

ஆமா, கல்யாணத்துக்குப் பொறவு எங்க நீந்தறது. எங்க வீட்டுல பொம்பளைக கெணத்துல எறங்கக் கூடாதும்பாங்க எங்கம்மா. அதனால அவளும் சொல்லலையாக்கும். ஆங், பேசலை, சொல்லுங்க.

வாய்க்கால்லயா.

ரெண்டு பேரையா? ஒரு கொழந்தை... ஒரு பெரிய ஆளு.

பேரு சொல்லலையா? சொல்ல மாட்டேன்னாளா? செரி. எந்த ஊரு வாய்க்காலோ. அவ பொறந்த ஊர்ப் பக்கமா இருக்கும். அங்க வாய்க்கால் இல்லை... இல்லை, செரி, சொல்லுங்க.

நீங்க கேட்டீங்களா? மணியடிக்கறப்பவா? "அந்தப் பெரிய ஆளுக்கு இது தெரியுமா"ன்னு கேட்டீங்களா? நல்ல கேள்விதான். அவ என்ன சொன்னா?

இன்னொருக்கா சொல்லுங்க அம்மிணி. இந்த வண்டிச் சத்தத்துல காது கேக்கல.

"நீச்சல் தெரிஞ்ச நான் குதிச்சது ஒண்ணும் பெருசில்ல. நீச்சல் தெரியாத மனுசன் எனக்கு முன்னால குதிச்சாரு. அவரு சொல்ற கதையில பொய் இல்ல, அப்பிடியே சொல்லிட்டுப் போகட்டும்."

அப்பிடியா சொன்னா.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. சன்னல் காத்து. கண்ணுல தூசி விழுந்துருச்சு.

அன்னிக்கு வாய்க்கால் கரையில இருந்து வீட்டுக்கு வர்றோம். பையனை நான் தோள்ல போட்டிருக்கறேன். இவ பின்னாடி வர்றா. நான் திரும்பித் திரும்பி இவளைத் திட்டிட்டே வர்றேன். எதுக்குன்னா, இவ கையில ஒரு வளையல் இல்ல. மாரியாத்தா பண்டிகைக்குன்னு போட்ட புது வளையலுங்க. ஒண்ணு கூட இல்லாம கை மொட்டையா இருக்குது. "எங்கடி தொலைச்சே, ஒரு பொருளு உன்ர கிட்டத் தங்குதா"ன்னு ஊர் வர்ற வரைக்கும் கேட்டேன். வளையல் கிழிச்ச எடத்துல எனக்கு ரத்தம் வந்துட்டிருக்குது, நான் கேட்டுட்டே வர்றேன்.

சத்தி வந்துருச்சுங்களா? எறங்குங்க, எறங்குங்க. இல்லை, எனக்கொண்ணும் அவசரமில்ல. மொதல்ல எல்லாரும் எறங்கட்டும். அந்த டோக்கன் எனக்கு வேண்டாங்க, உங்களுது. நீங்களே வெச்சுக்குங்க. ஐயோ, கையில திணிக்கறீங்களே. செரி, குடுங்க. உக்கார்றேன். பேச மாட்டேன். கேள்வி எதுவும் இல்லீங்க இப்ப.

அம்மிணி, ஒரு நிமிசம். இந்த பஸ் ஸ்டாண்டுக்கிட்ட வளையல் கடை இருக்குதுங்களா? டோக்கனுக்கு நேரமாச்சுதான், இருக்கட்டும். அம்மனுக்கு ரெண்டு நாலுன்னு எனக்குத் தெரியும், தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். இவளுக்கு என்ன அளவுன்னு தெரியலீங்களே. நீங்க அன்னிக்கு எதுத்தாப்புல உக்காந்து பாத்தீங்களே, அவ கை எத்தன இருக்கும்? உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க. இதை விடப் பெருசா, சிறுசா?